அவர் சொல்லாத வரி

அந்த வரியை அவர் சொல்லவே இல்லை.

மனைவி தட்டச்சு செய்து அனுப்பியிருந்த பதினேழாம் அத்தியாயத்தை எழுத்தாளர் மூன்றாவது முறையாகப் படித்தார். தளபதி நிலவறைப் படியில் இறங்குகிறான். சொன்னார். விளக்கைச் சுவரில் மாட்டுகிறான். அதையும் சொன்னார். கைதியின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக் கழுத்தை வெட்டுக்கட்டையின் மேல் அழுத்துகிறான். ஆஹா, அதை எத்தனை ரசித்துச் சொன்னார்! அதற்கப்புறம்தான் இது வந்திருந்தது: 'கட்டையின் இடது ஓரத்திலிருந்து நாலு விரல் தள்ளி ஒரு பள்ளம் உண்டு. முகவாய் அதில் பதிந்து உட்கார்ந்தால்தான் வெட்டு நேராக விழும்.'

இடது ஓரம். நாலு விரல். இருபத்திரண்டு வருஷமாகச் சரித்திரத் தொடர்கதை எழுதுகிற மனிதர், ஒரு நாளும் விரற்கணக்கு சொன்னவரில்லை. அவருடைய கோட்டைகள் வானளாவி நிற்கும், அகழிகள் ஆழம் காண முடியாமல் கிடக்கும், அவ்வளவுதான். தன் சட்டை அளவே அவருக்குத் தெரியாது. கடையில் மனைவிதான் சொல்லுவாள்.

போன் போட்டார்.

"ஏம்மா, இந்தப் பள்ளம் விஷயத்த நீ சேத்தியா?"

"நான் எதுக்குங்க சேக்கப் போறேன்? நீங்க சொன்னத அடிச்சேன்."

"நான் சொல்லலயே."

"சொன்னீங்க. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, மூச்சு வாங்கிட்டு, அப்புறமா சொன்னீங்க. நீங்களே கேட்டுப் பாருங்க. அந்த ஊர்க் குளிர்ல ஞாபகமும் உறைஞ்சு போச்சா?"

கேட்டுப் பார்த்தார். பதினாலு நிமிஷக் குரல்பதிவு. 'அழுத்தினான்' என்று முடித்த இடத்தில் அவருடைய இரைப்பு கேட்டது. பிறகு எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தம், துணி உரசுகிற சத்தம், ஒரு நீண்ட மூச்சு. அப்புறம் குரல் வந்தது. அவருடைய குரல்தான். 'ள'வுக்கு முன்னால் தொண்டையை லேசாகக் கமறுவாரே, அந்தக் கமறல்கூட அப்படியே இருந்தது. வயசாகிறது, வேறென்ன, என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

அவர் அந்த வெளிநாட்டு ஊருக்கு வந்தது பத்து நாளுக்குத்தான். தங்கையும் மாப்பிள்ளையும் கோட்டைச் சுவரை ஒட்டி ஒரு பழைய கல்வீட்டை வாங்கியிருந்தார்கள், பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார். ஒன்பதாம் நாள் தங்கை அவருடைய கால்சட்டையை வாஷிங் மெஷினில் போட்டாள். பையில் பாஸ்போர்ட். ஒரு மணி நேரம் கழித்து, அவருடைய படத்தில் மூக்கு மட்டும் மிச்சமிருந்தது. தூதரகத்தில் புதுசு கிடைக்க ஐந்து வாரமாகும் என்று கையை விரித்துவிட்டார்கள். தங்கை அழுது தீர்த்தாள். "விடு, உன் வீட்டுல ஒரு மாசம் ஓசிச் சோறு," என்று அவர்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது.

கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். அப்பா போனபோது அவளுக்கு எட்டு வயசு. தலை வாரிவிட்டதிலிருந்து கல்யாணம் செய்து வைத்தது வரைக்கும் அவர்தான். அவள் கண் கலங்கினால் அவருக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

அப்புறம்தான் அதிர்ஷ்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. ஊரில் அவருடைய தொடர் ஈயோட்டிக்கொண்டிருந்தது. நாலு வாரத்தில் முடித்துக்கொள்ளலாமே என்று பத்திரிகை ஆசிரியர் நாசூக்காகச் சொல்லியாயிற்று. இங்கே என்னடாவென்றால், காலை நடைக்குப் போனாலே கதை காலைச் சுற்றியது. ஈரம் கசிகிற கோட்டைக் கல், ஆள் குனிந்து போகும் சந்துகள், தேய்ந்து நடுவில் குழிந்த படிக்கட்டுகள், பகலிலும் பாதிதான் வெளிச்சம் விழுகிற முற்றங்கள், எல்லாவற்றிலும் பழைய புகையும் இரும்பும் கலந்த ஒரு வாசனை. வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் நாலு வரி செதுக்கிய ஒரு கல் பதித்திருந்தது. அந்த ஊர்ப் பாஷை அவருக்கு எழுத்துக்கூட்டவும் தெரியாது. தங்கைதான் கல்லுக்கு முன்னால் நின்று சொன்னாள்.

"முற்றுகை நடந்தப்ப கோட்டைக்குள்ள தானியம் தீந்துபோச்சாம். மிச்சம் இருந்தது இந்த வீட்டுக்குக் கீழ, நிலவறைல. சாவி ஒரு பொம்பளகிட்ட இருந்துச்சு. திருட வந்தவங்கள அவளே வெட்டினா. ஒவ்வொருத்தரா. கைய பின்னால கட்டி, முட்டி போட வச்சு. பத்துப் பேரு. பதினோராவதா ஒருத்தர். அதோட கதவத் தெறந்து விட்டுட்டாங்க." வெகுநேரம் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாலு வரிலயா இவ்வளவும் எழுதியிருக்கு?"

"பழைய பாஷை அண்ணா. சுருக்கமாத்தான் எழுதுவாங்க."

அவருக்குப் புல்லரித்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்த தொடரை அன்றைக்கே இந்தக் கோட்டைக்குள் திருப்பினார். ஒரே ஒரு மாற்றம்தான் செய்தார். சாவிக்காரியைத் தூக்கிவிட்டு ஒரு தளபதியைப் போட்டார். சரித்திரத் தொடரில் பெண் என்றால் உப்பரிகையில் நிற்க வேண்டும், பெருமூச்சு விட வேண்டும். அவள் கையில் வெட்டுக்கத்தியைக் கொடுத்தால் வாசகர் முகம் சுளிப்பார் என்பது அவர் தொழிலில் பழுத்த ஞானம். "பொம்பளதானே வெட்டினா?" என்று தங்கை ஒருமுறை கேட்டாள். "கதைக்கு அது எடுபடாதுடி," என்றார்.

அவர் எழுதுகிற முறையும் ஒரு மாதிரியானது. பேனாவைத் தொடமாட்டார். நடித்துப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு வாயால் சொல்லுவார். மனைவி தட்டச்சு செய்வாள். கொலைக் காட்சி என்றால் மரஸ்கேலை ஓங்கிக்கொண்டு வீடு முழுக்கப் பாய்வார். செத்துப்போகிற பாத்திரத்துக்கு மனைவிதான் நிற்பாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அம்மாளின் தலை ஐந்நூறு தடவையாவது உருண்டிருக்கும். அலறல், விக்கல், உயிர் போகிற முனகல் எல்லாவற்றையும் அவரே செய்து காட்டுவார், அவள் அசராமல் அதையும் எழுத்தாக்கிவிடுவாள். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்துக்கொண்டு வந்து நின்றதும் உண்டு.

இங்கே அதற்குத் தங்கைதான் நின்றாள். பாஸ்போர்ட்டைத் துவைத்த பாவத்துக்கு, என்ன சொன்னாலும் செய்வாள். அவர் கை ஓங்கியிருக்கும் என்பதால் போனையும் அவளே பிடித்துக்கொள்வாள். முடிந்ததும் அவளே அண்ணிக்கு அனுப்பிவிடுவாள்.

தங்கை பல் செட் செய்கிறவள். கீழ்த்தளம் முழுக்க அவளுடைய பட்டறை. அலமாரிகளில் வரிசை வரிசையாகப் பிளாஸ்டர் தாடைகள் வாயைத் திறந்துகொண்டிருக்கும். மெழுகு வாசனையும் சுண்ணாம்புத் தூளும் எப்போதும் இருக்கும். மயிரிழை பிசகினாலும் மறுபடி செய்வாள், அப்படி ஒரு கை. பட்டறையின் பின்கதவைத் திறந்தால் நிலவறைக்குப் பதினோரு படிகள். அங்கே பிளாஸ்டர் மூட்டைகளை ஒரு பழைய மரக்கட்டையின் மேல் அடுக்கி வைத்திருந்தாள். மூட்டைகளை இறக்கிவிட்டு, அந்தக் கட்டையைத்தான் அவர் வெட்டுக்கட்டையாக வைத்துக்கொண்டார்.

அந்த வரியைக் கேட்ட அன்று பகலிலேயே கீழே போனார். கட்டையின் மேல் அப்பியிருந்த பிளாஸ்டர் அடையைச் சுரண்டினார். கறுத்த மரம் தெரிந்தது. இடது ஓரத்திலிருந்து நாலு விரலை வைத்தார். ஐந்தாவது விரல் ஒரு பள்ளத்தில் இறங்கியது.

வழவழவென்று தேய்ந்திருந்தது. பல முகவாய்கள் தேய்த்த வழவழப்பு என்று தோன்றியதும் விரலை இழுத்துக்கொண்டார். முன்னாலேயே தடவிப் பார்த்திருப்பேன், கை அறிந்ததை வாய் சொல்லியிருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டு மேலே வந்து, சூடாக இரண்டு டம்ளர் காபி குடித்தார். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் இன்னொரு வரி வந்தது.

'வலச்சுவரில், மூன்றாம் படிக்கு நேரே, கல் ஒன்று ஆடும். கொடுவாள் அதற்குப் பின்னால் இருக்கிறது.'

கல் ஆடியது. பின்னால் இருந்தது. முழங்கை நீளம், உள்ளங்கை அகலம், துருவேறிய பாளம். அவர் ஒரு படி பின்வாங்கினார். தங்கையோ குழந்தைபோல் குதித்தாள். "கண்காட்சில வைக்க வேண்டிய பொருள் அண்ணா இது!" என்று பட்டறைக்குத் தூக்கிப் போனாள். சாயங்காலம் வரை பாலிஷ் மெஷின் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. திரும்பிக் கொண்டுவந்தபோது அதில் முகம் பார்க்கலாம். விளிம்பை ஒரு பிளாஸ்டர் தாடையின் மேல் சும்மா வைத்தாள். தாடை இரண்டாகப் பிரிந்து, பற்கள் தரையில் தெறித்து உருண்டன.

"எதுக்குடி இவ்வளவு கூர்?"

"அரைகுறையா ஒரு வேலை செய்ய எனக்கு வராதே," என்று சிரித்தாள்.

கொடுவாளை அவர் தொடவில்லை. மரஸ்கேலோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் அத்தியாயங்கள்! அடேயப்பா, அத்தியாயங்கள் ரத்தத்தில் மிதந்தன. ஐந்தாம் கைதிக்கு முதல் வெட்டு தோளெலும்பில் மாட்டிக்கொள்கிறது. தளபதி அவன் முதுகில் காலை வைத்து உருவுகிறான். ஏழாமவன் கட்டையைக் கடிக்கிறான், வெட்டிய பிறகும் பற்கள் மரத்தில் நிற்கின்றன. இதெல்லாம் தன் மண்டைக்குள் எந்த மூலையில் இருந்தது என்று அவருக்கே விளங்கவில்லை. இதில் பாதியைத்தான் சொன்னதாக ஞாபகம். மீதிப் பாதி, அந்தச் சொட்டுச் சத்தத்துக்கும் நீண்ட மூச்சுக்கும் பிறகு, அவருடைய குரலிலேயே வந்துகொண்டிருந்தது. நடித்து முடித்த களைப்பில் காது அடைத்துப்போய்க் கண்ணை மூடி நிற்கும் அந்த அரை நிமிஷத்தில் தன் வாய் என்ன பேசுகிறது என்பது அவருக்கே தெரியவில்லை. பத்திரிகை பறந்தது. 'ரத்தம் இன்னும் கொஞ்சம் வரட்டும் சார்,' என்று ஆசிரியர் செய்தி அனுப்பினார்.

எட்டாம் கைதியின் வெட்டை நடித்தபோதுதான் அது நடந்தது.

தங்கை முட்டி போட்டுக் கட்டையில் கன்னத்தை வைத்திருந்தாள். ஒரு கை போனைத் தூக்கிப் பிடித்திருந்தது. அவர் ஸ்கேலை ஓங்கினார். எப்போதும் அரை அடி மேலேயே நிறுத்திவிடுவார். அன்றைக்கு நிற்கவில்லை. அவளுடைய காதுமேல் இறங்கி, மரம் சிலும்பாக உடைந்து, காது மடல் கிழிந்து, ரத்தம் கட்டையின் பள்ளத்துக்குள் ஓடியது. அவளிடமிருந்து சத்தமே இல்லை.

"ஐயோ! ஐயோ, அம்மாடி, நான் வேணும்னு செய்யலடி!" துண்டை எடுத்துக் காதை அழுத்தினார். துண்டு சிவந்தது. அவர் அழுதேவிட்டார்.

"ஒண்ணுமில்ல அண்ணா." பள்ளத்தில் தேங்கிய ரத்தத்தையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "வீச்சு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நிக்கிற இடம் தப்பு. ரெண்டு விரல் பின்னால நிக்கணும்."

அன்று முதல் நடிப்பை நிறுத்தினார். அவளைக் கீழே கூப்பிடுவதையும் நிறுத்தினார். இனி படுக்கையறையில் உட்கார்ந்து வெறுமனே வாயால் சொல்வது என்று முடிவு. அவள்தான் விடவில்லை. "காதுல ஒரு தையல், அதுக்காகக் கதைய விடுவீங்களா?" என்று போனும் கையுமாக வந்து கால்மாட்டில் உட்கார்ந்துகொள்வாள். அவர் சொல்லி முடித்துக் கண்ணயர்ந்த பிறகும் பக்கத்திலேயே இருந்தாள். எப்போதும் பக்கத்திலேயே.

மூன்றாம் நாள் மனைவி கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது.

"என்னங்க, இந்த வார அத்தியாயத்துல கடைசியா நீங்க சொன்ன வரி எனக்குப் பிடிக்கல. எடுத்துடட்டுமா?"

"எந்த வரி?"

"'பதினோராவது ஆள் கூடப்பிறந்த ரத்தம். பனி விழுகிற சாயங்காலம். முதல் வெட்டில் உயிர் போகக் கூடாது.' தளபதிக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இருக்கறதா நீங்க இதுவரைக்கும் எழுதவே இல்லியே?"

சொட்டுச் சத்தம் இல்லாத படுக்கையறையிலும் வந்துவிட்டது. தன் வாயிலிருந்து. தங்கையின் கழுத்தைக் குறி வைத்து. காதைக் கிழித்த கை தன்னுடையதுதானே? அவள் எட்டு வயசில் ரெட்டைப் பின்னலோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடியது கண்முன்னால் வந்தது. அந்தக் கழுத்து. தன்னை நினைத்தாலே அவருக்குப் பயமாக இருந்தது. இப்படி ஒரு பயத்தை அவர் தன் எந்தப் பாத்திரத்துக்கும் கொடுத்ததில்லை.

"எடுத்துடு," என்றார். மனைவியிடம் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆயிரம் காததூரத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் என்ன செய்வாள், தூக்கம்தான் கெடும்.

பாஸ்போர்ட் அந்த வாரமே வந்தது. சனிக்கிழமை விமானத்துக்குச் சீட்டு எடுத்தார். நான்கு நாட்கள் தங்கையோடு ஒரே அறையில் தனியாக இருக்காமல் பார்த்துக்கொண்டார். சமையலறைக் கத்திகளை எண்ணிப் பூட்டினார். கொடுவாளைக் கோணியில் சுற்றிப் பட்டறை அலமாரியின் உச்சியில் எறிந்தார். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவர். எல்லை தாண்டிப் போனால் வாரக் கடைசியில்தான் வருவார். அவர் வந்துவிட்டால் போதும் என்று விரல்விட்டு எண்ணினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பனி விழ ஆரம்பித்தது.

நாலு மணிக்கெல்லாம் தெரு வெளுத்து, வாசற்படி மறைந்து, சத்தமெல்லாம் செத்துப்போயிற்று. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு லாட்ஜில் இரவைக் கழித்துவிடலாம். பத்தடி போவதற்குள் முழங்கால்வரை புதைந்தார். காற்று பெட்டியைப் பிடுங்கி எறிந்தது. தங்கைதான் வந்து இழுத்துக்கொண்டு போனாள்.

"பைத்தியமா அண்ணா உங்களுக்கு? பஸ் எல்லாம் நின்னு போச்சு. காலைலதான் பாதை வழிப்பாங்க. அப்படி என்ன அவசரம்?"

அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, பல் கிட்டிக்க, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பள்ளம், கல், காது, அந்தக் கடைசி வரி. "உன்னைய ஏதாவது செஞ்சிடுவேனோன்னு பயமா இருக்குடி. பனி விழுற சாயங்காலம்னு என் வாயே சொல்லியிருக்கு. வெளியவும் போக முடியல. என்னைக் கட்டிப் போடு. காலைல மாப்பிள்ளை வந்து அவுத்து விடட்டும். நான் கெஞ்சினாலும், திட்டினாலும், நீ கிட்ட வராத."

அவள் அவர் முகத்தைத் தன் இரண்டு கைகளாலும் ஏந்தினாள். விரல்களில் பிளாஸ்டர் காய்ந்திருந்தது. "சரி," என்றாள். "மேல கட்டறதுக்கு ஒண்ணும் இல்ல. கீழ தரைல இரும்பு வளையம் இருக்கு. கதவும் வெளிப்பக்கம் பூட்டும்."

நிலவறையா என்று நெஞ்சு இடித்தது. ஆனாலும் அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. பூட்டிய கதவு, கல் சுவர், வளையம். தன்னிடமிருந்து அவளைக் காப்பாற்ற அதைவிடப் பத்திரமான இடம் வேறு இல்லை. தானே இறங்கினார். தானே முட்டி போட்டார். கைகளைப் பின்னால் கொடுத்தார். நைலான் கயிறு மணிக்கட்டில் மூன்று சுற்று சுற்றியது. அவள் ஒவ்வொரு சுற்றையும் இழுத்துப் பார்த்து, ஒரு நூல் தளர்வு தெரிந்தாலும் அவிழ்த்து மறுபடி போட்டாள். கயிற்றின் முனை வளையத்துக்குப் போயிற்று. குனிந்தால் முகவாய் கட்டையைத் தொடும் தூரம்.

"சாவி உங்கிட்டயே இருக்கட்டும்," என்றார். "யார் கேட்டாலும் குடுக்காத. நான் கேட்டாலும்."

"எங்கிட்டதான் இருக்கும் அண்ணா."

கதவு பூட்டிய சத்தம் கேட்டதும் அவருக்கு ஒரு பாரம் இறங்கியது. பல நாளுக்குப் பிறகு முழு மூச்சு விட்டார். அவள் பிழைத்தாள். அது போதும். பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் மூட்டைகளின் நிழல் சுவரில் கூன்போட்டு நின்றது. தண்ணீர் சொட்டியது. பிளாஸ்டரின் சப்பென்ற வாசனைக்கு அடியிலிருந்து, முதல் நாள் தெருவில் மோந்த பழைய புகையும் இரும்பும் மெதுவாக எழுந்து வந்தன. கால் மரத்தது. தோள் வலித்தது. இப்போது அந்தக் குரல் தன் தொண்டையில் வரும், வரட்டும், கைதான் கட்டியிருக்கிறதே என்று வாயை இறுக்கிக்கொண்டு காத்திருந்தார்.

குரல் வரவில்லை.

மேலே பட்டறையில் ஏணி இழுபடும் சத்தம். அலமாரியின் உச்சியிலிருந்து கனமாக ஏதோ விழுந்தது. கோணி உரசியது.

பாலிஷ் மெஷின் ஓட ஆரம்பித்தது.

"ஏய்!" என்று கத்தினார். "என்னடி பண்ற?"

மெஷின் நின்றது. சாவி திரும்பியது. பதினோரு படிகளிலும் அவள் நிதானமாக இறங்கி வந்தாள். ஒரு கையில் போன். மறுகையில் கொடுவாள். வந்து, அன்றைக்கு அவர் நின்ற இடத்துக்கு இரண்டு விரல் பின்னால் தள்ளி நின்றாள்.

"அண்ணி லைன்ல இருக்காங்க," என்றாள். "கடைசி அத்தியாயத்த நேரடியா சொல்லப் போறீங்கன்னு சொல்லிட்டேன். பாவம், எல்லா வேலையையும் விட்டுட்டு உக்காந்திருக்காங்க." போனை மூட்டை மேல் சாய்த்து வைத்தாள்.

"என்னங்க, நான் ரெடி," என்றது மனைவியின் குரல், உற்சாகமாக. "சொல்லுங்க."

"அம்மாடி, வேண்டாம்." அவர் கழுத்தைத் திருப்பித் தங்கையைப் பார்த்தார். அவள் முகம் சாந்தமாக இருந்தது. பல் செட்டுக்கு அளவெடுக்கும்போது இருக்கும் அதே முகம். "அண்ணன் பாருடி. அண்ணன்டி நான்."

அவள் வாயைத் திறந்தாள். அவருடைய குரல் வந்தது.

"தளபதி என்று ஒருவன் இல்லை," என்றது அவருடைய குரல், தங்கையின் உதட்டிலிருந்து, அதே கமறலோடு. "சாவி அவளிடம் இருந்தது. வெட்டியது அவள். பதினோராவதாக வந்தவன் அவளுடைய அண்ணன்."

விசைப்பலகை கடகடவென்று ஓடியது. "அடேங்கப்பா, கடைசி வாரத்துல இப்படி ஒரு திருப்பமா?" என்றாள் மனைவி.

"அது நான் இல்ல!" என்று அலறினார். "அது நான் பேசல! போலீசக் கூப்பிடு! மாப்பிள்ளைக்குப் போன் பண்ணு! என்னைக் கொல்லப் போறா, இது கதை இல்ல, நிஜம்!"

"மெதுவாங்க, மெதுவா. 'இது கதை இல்ல, நிஜம்'... போலீசு, போனுன்னு வாய் தவறிச் சொல்லிட்டீங்க, காவலர், தூதுன்னு போட்டுக்கறேன்."

தங்கை அவர் முடியைக் கொத்தாகப் பிடித்தாள். முகவாய் பள்ளத்தில் உட்கார்ந்தது. அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது.

முதல் வெட்டு தோளில் இறங்கியது.

எலும்பு பிளந்த சத்தத்தைக் காதால் கேட்கவில்லை, பல்லால் கேட்டார். சூடு முதுகில் வழிந்தது. கொடுவாள் மாட்டிக்கொண்டது. அவள் அவர் முதுகில் காலை வைத்து உருவினாள். அவரிடமிருந்து வந்த அலறலுக்கு ஊரே விழித்திருக்க வேண்டும். பனி அதைத் தின்றுவிட்டது.

போனில் ஒரு கணம் தட்டச்சு நின்றது.

"என்னங்க?"

அவர் மூச்சைச் சேர்த்தார். வாயில் ரத்தம். மனைவிக்கு மட்டும் தெரிந்த ஏதாவது. கதையில் வராத ஏதாவது. வீட்டில் அவளைக் கூப்பிடுகிற செல்லப் பெயர். "குட்டிம்மா," என்றார். "குட்டிம்மா, காப்பாத்து... நம்ம பசங்க..."

மனைவி சிரித்துவிட்டாள். வெட்கத்தோடு, சந்தோஷத்தோடு. "ஐயோ, என்னையும் கதையில சேத்துட்டீங்களா? இத்தன வருஷத்துல இந்த மாதிரி நீங்க செஞ்சு நான் கேட்டதே இல்லீங்க. உடம்பெல்லாம் சிலிர்க்குது."

இரண்டாம் வெட்டு. கழுத்தின் ஓரம். சொற்கள் போயின. தொண்டையில் காற்றும் ரத்தமும் கொப்பளித்தன. பல்பு மங்கியது. கட்டையின் கறுத்த மரம் கண்ணுக்கு நேரே. அதில் பழைய பற்குறிகள்.

"'அவன் உதடு அசைந்தது, சொல் வரவில்லை,'" என்றது அவருடைய குரல், தலைக்கு மேலே, அவசரமே இல்லாமல். "'கண் இன்னும் திறந்திருந்தது. அவள் மறுபடி ஓங்கினாள்.'"

விசைப்பலகை ஓர் எழுத்துக்கூட விடாமல் அடித்துக்கொண்டே வந்தது.

"ம்," என்றாள் மனைவி. "ஓங்கிட்டா. அப்புறம்?"